செலவு கம்மியான ஊர்

ஒரு ஊரைப் பற்றி “அங்க செலவு கம்மி” என்று யாராவது சொன்னால் எனக்குள் ஏதோ நெருடுகிறது. சொல்பவர் பொய் சொல்வதில்லை. வாடகை, பால், பஸ், காய்கறி என்று பட்டியல் போட்டே காட்டிவிடுவார். ஆனாலும் அந்தக் கணக்கில் யாரோ ஒருவர் விடுபட்டுப்போயிருக்கிறார் என்ற எண்ணம் என்னை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. அண்மைக் காலமாக இந்தப் பேச்சை அதிகம் கேட்க நேர்கிறது. திருத்தங்கலில் இருக்கும் என் அக்காவின் மகன் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்கு மென்பொருள் எழுதுகிறான். ஆனால் குடியிருப்பது ஜெர்மனியில் இல்லை, போர்ச்சுகல் தலைநகர் லிஸ்பனில். “ஜெர்மனியில இருந்தா சம்பளத்துல பாதி அங்கயே போயிரும் மாமா. இங்க ஒரு காபி ஒரு யூரோ. பஸ்ஸு, ரயிலு, மெட்ரோ எல்லாத்துக்கும் சேத்து மாசம் நாப்பது யூரோ பாஸ். மத்தி மீனு மலிவு. வெயிலும் நம்மூரு மாதிரி அடிக்குது” என்பான். அவன் குரலில் கேட்கும் நிம்மதி எனக்கும் நிம்மதிதான். காலண்டருக்குத் தகரப் பட்டை அடித்தும், வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டியும் அக்கா அவனைப் படிக்கவைத்ததை அருகிலிருந்து பார்த்தவன் நான். பசை காய்ந்து வெடித்த அந்த விரல்களை அறிந்த எவரும் அவன் சௌகரியத்தைக் குறை சொல்ல மாட்டார்கள். நெருடல் அவன்மேல் இல்லை. அவன் சொல்லும் மலிவு எங்கிருந்து வருகிறது என்பதில் இருக்கிறது.

அவனிடம் ஒருமுறை கேட்டேன்: அந்த ஒரு யூரோ காபியைப் போட்டுக் கொடுக்கிறாளே ஒரு பெண், அவளுக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. விசாரித்து வைத்திருந்து அடுத்த முறை பேசியபோது சொன்னான். 2025ஆம் ஆண்டுக்குப் போர்ச்சுகல் அரசு நிர்ணயித்த குறைந்தபட்ச மாத ஊதியம் 870 யூரோ. அவன் இருக்கும் ஒற்றை அறைக்கு வாடகை 600 யூரோ. கூடவே தன் விசாவைப் பற்றியும் சொன்னான். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு இணையம் வழியாக வேலை செய்பவர்கள் வந்து தங்குவதற்கென்று 2022 அக்டோபரில் போர்ச்சுகல் தனி விசா ஒன்றைத் தொடங்கியது. அதற்கு விண்ணப்பிக்கிறவர் அந்த நாட்டுக் குறைந்தபட்ச ஊதியத்தைப் போல நான்கு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். 2025 கணக்குப்படி மாதம் 3,480 யூரோ. இந்தத் தொகை என் மனதில் தங்கிவிட்டது. ஐரோப்பாவில் செலவு குறைந்த நாடு என்று பெயர் எடுத்த ஒன்று, தன் காபிக் கடைப் பெண்ணைப் போல நான்கு மடங்கு சம்பாதிப்பவனைத்தான் அந்த வாசல் வழியாக உள்ளே விடுகிறது. அரசுக்கு அதில் நியாயம் இருக்கலாம். வருகிறவர் சுமையாகிவிடக் கூடாது, நாலு காசு செலவழிக்க வேண்டும் என்று நினைப்பதில் தவறென்ன? ஆனால் நான்கு மடங்கு சம்பளக்காரர்கள் ஒரு தெருவில் வந்து இறங்கினால், அந்தத் தெருவில் ஏற்கெனவே இருப்பவர் எங்கே போவார்? 2023 ஏப்ரல் 1 அன்று லிஸ்பனிலும் போர்ச்சுகலின் வேறு நகரங்களிலும் ஆயிரக்கணக்கானோர் வீட்டு வாடகைக்கு எதிராகத் தெருவில் இறங்கினார்கள். சொந்த நாட்டுச் சம்பளத்தில் சொந்தத் தலைநகரில் குடியிருக்க முடியாதவர்கள் அவர்கள். அந்த நாட்டிலிருந்து பிழைப்புத் தேடி லக்சம்பர்க்குக்கும் சுவிட்சர்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் போய்க் கட்டட வேலையும் துப்புரவு வேலையும் பார்ப்பவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். மலிவான நாட்டில் பிறந்தவர் மலிவை விட்டு ஓடுகிறார். விலைகூடிய நாட்டுச் சம்பளம் வாங்குகிறவர் மலிவைத் தேடி வருகிறார். இடையில் அதே போர்ச்சுகலின் தெற்கில், ஒதெமிரா வட்டாரத்தின் பழத்தோட்டக் கூடாரங்களில், நேபாளத்திலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் போனவர்கள் நெருக்கியடித்த அறைகளில் கிடந்தார்கள். 2021இல் அங்கே கொரோனா பரவியபோதுதான் அந்த அறைகள் வெளியுலகின் கண்ணுக்குப் பட்டன. அக்கா மகனும் அந்தத் தோட்டத்து இந்திய ஆளும் விமானம் ஏறியது ஒரே நாட்டிலிருந்து. ஒருவனுக்கு அது செலவு கம்மியான நாடு. மற்றவனுக்கு அது எப்படிப்பட்ட நாடு என்று யாரும் பட்டியல் போட்டுக் கேட்டதில்லை.

விருதுநகரில் வளர்ந்த எனக்கு விலை என்பது காற்றோடு வந்த சங்கதி. தெப்பக்குளத்தைச் சுற்றிய பஜாரில் மூச்சை இழுத்தாலே முண்டு வத்தலின் நெடியும் மல்லியின் வாசமும் எள்ளுப் புண்ணாக்கின் கனத்த மணமும் சேர்ந்து ஏறும். துவரம்பருப்பு மூடைக்கு எவ்வளவு கூடியிருக்கிறது, நல்லெண்ணெய் டின்னுக்கு எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று நாளிதழ்களில் வாரந்தோறும் வரும் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்துத் தமிழ்நாட்டுப் பலசரக்குக் கடைக்காரர்கள் கொள்முதலை முடிவு செய்த காலத்தை நான் அறிவேன். பருப்பு வடக்கேயிருந்து வருகிறது. விளைவது எங்கோ, விலை பேசப்படுவது இங்கே. அப்படிப்பட்ட ஊரில் பிறந்துவிட்டு விலைப்பட்டியலைச் சந்தேகப்படுவது விநோதமாகத்தான் இருக்கிறது. ஆனால் மூடை தூக்குகிறவருக்குத் தூக்குக்கூலி என்ன கொடுக்கிறார்கள் என்பது அந்த நிலவரத்தில் வந்ததில்லை. அது வர வேண்டிய இடம் அது இல்லைதான். வியாபாரிக்குத் தேவைப்படுவது சரக்கின் விலை. என் சந்தேகமெல்லாம், வாழ்க்கைக்கு ஆகும் செலவையும் நாம் சரக்கின் விலையைப் போலவே எழுதப் பழகிவிட்டோமோ என்பதுதான்.

மலிவு எப்படி உண்டாகிறது என்பதற்கு எங்கள் மாவட்டத்தை விடத் தெளிவான இடம் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய கதை இங்கே குழந்தைக்கும் தெரியும். அவ்வளவாகப் பேசப்படாதது அடுத்த வருடம் நடந்தது. ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் 1923இல் பம்பாய்க்குப் பக்கத்தில் அம்பர்நாத்தில் விம்கோ என்ற பெயரில் கடை விரித்தது. உலகின் பல நாடுகளில் தீப்பெட்டிச் சந்தையைக் கையில் வைத்திருந்த முதலாளியின் நிறுவனம் அது. இயந்திரம், மூலதனம், கப்பல் எல்லாம் அவர்களிடம். எங்களிடம் இருந்தது மழை பெய்யாத வானமும், வெள்ளாமை பொய்த்ததால் எந்தக் கூலிக்கும் வரத் தயாராக இருந்த கைகளும். வறண்ட காற்றில் மருந்து சீக்கிரம் காய்ந்தது, அச்சு மை சீக்கிரம் காய்ந்தது. ஐரோப்பிய இயந்திரத்தோடு சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டிப் பெண்களின் விரல்கள் போட்டி போட்டு நின்றன. நின்றன என்பதில் எனக்குப் பெருமை உண்டு, அதை மறைக்க மாட்டேன். கைத்தொழில் தீப்பெட்டிக்கு அரசு வைத்த குறைந்த வரியும் துணை நின்றது. ஆனால் நிற்க முடிந்ததன் முதல் காரணம் கூலி. 2007இல் ஐம்பது காசிலிருந்து ஒரு ரூபாயான தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 அன்றுதான் இரண்டு ரூபாயானது. இடைப்பட்ட 14 ஆண்டுகள் இந்தியாவின் எந்த மூலையிலும் ஒரு ரூபாய்க்கு நெருப்பு கிடைத்தது. அந்த 14 ஆண்டுகளில் அரிசி என்ன விலை ஏறியது, சிலிண்டர் என்ன ஏறியது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் என்ன ஏறியது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் தெரியும். நாடு முழுக்க அடுப்புப் பற்றவைக்கச் செலவு கம்மியாக இருந்தது என்றால், அந்த வித்தியாசத்தை யாரோ தங்கள் வயிற்றிலிருந்து கொடுத்திருக்கிறார்கள். குழந்தைகளும் கொடுத்தார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அதைப் பதிவு செய்தபோது இங்கே பலருக்குக் கோபம் வந்தது. வயிறு எரிந்து வந்த கோபமும் அதில் இருந்தது. விடிவதற்கு முன்னால் பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய பிள்ளைகளைப் பெற்றவர்கள் அவர்கள்.

பட்டாசைப் பற்றி எழுதும்போது கை தயங்குகிறது. வெளியூர்க்காரர்கள் எங்களைப் பற்றி எழுதினால் விபத்தில் தொடங்கி விபத்தில் முடிப்பார்கள். அந்த வரிசையில் சேர எனக்கு விருப்பமில்லை. ஆனால் மலிவைப் பற்றிப் பேசிவிட்டு அதைத் தாண்டிப் போகவும் முடியாது. விதிப்படி ஒரு அறையில் நான்கு பேருக்கு மேல் வேலை செய்யக் கூடாது. உரிமம் வைத்திருப்பவர் ஆலையின் அறைகளைத் தனித்தனியாக உள்குத்தகைக்கு விடுகிறார். குத்தகைப் பணம் கொடுத்தவர் போட்டதை எடுக்க வேண்டும். தீபாவளிக்கு முன் சரக்கு ஏற வேண்டும், வடநாட்டு வியாபாரி கேட்கும் விலைக்குக் கட்டுபடியாக வேண்டும். அறையில் ஆள் கூடுகிறது. மரத்தடியில் உட்கார்ந்து வேலை நடக்கிறது. பீஸ் கணக்கில் கூலி என்பதால் கையும் வேகம் பிடிக்கிறது. பேன்சி ரகத்துக்கான மணி மருந்து உராய்வைத் தாங்காது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் இருபது பேருக்கும் மேல். பல விபத்துகளுக்குப் பிறகும் விசாரணையில் உள்குத்தகை திரும்பத் திரும்ப வருகிறது. பெட்டிக்கு இத்தனை ரூபாய் என்று பேரம் பேசிக் குறைக்கப்பட்ட விலை வருவதில்லை. பட்டாசே வேண்டாம் என்று சொல்கிறவனில்லை நான். பட்டாசுக்குக் கட்டுப்பாடு விதித்த 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் ஆலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தபோது இந்த வட்டாரத்துப் பலசரக்குக் கடைகளில் பற்றுநோட்டு எப்படிக் கனத்தது என்று பார்த்தவர்களுக்கு அப்படிச் சொல்ல வாய் வராது. பட்டாசு இன்னும் கொஞ்சம் விலை கூடலாம் என்று மட்டும் சொல்வேன். கூடும் அந்தப் பணம் யார் கைக்குப் போகும் என்று கேட்டால், உறுதியாகப் பதில் சொல்ல என்னால் முடியாது.

அக்கா மகனின் பட்டியலில் இல்லாத இன்னொன்றையும் நினைத்துப் பார்க்கிறேன். அவனுக்கு லிஸ்பனில் மொய் கிடையாது. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், புதுவீட்டுப் பால்காய்ப்பு என்று எந்த அழைப்பிதழும் அங்கே அவன் கதவைத் தட்டுவதில்லை. பங்குனிப் பொங்கலுக்குத் தலைக்கட்டு வரி கேட்டு யாரும் ரசீதுப் புத்தகத்தோடு வந்து நிற்பதில்லை. இருக்கன்குடிக்கு நேர்ந்துகொண்ட கிடாய் இல்லை. சித்தப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு ஓட வேண்டியதில்லை. இவையெல்லாம் இங்கே ஒரு சாதாரணக் குடும்பத்தின் மாதச் செலவில் எவ்வளவு பிடிக்கும் என்று அக்காவைக் கேட்டால் பெருமூச்சு விடுவாள். அவன் பெயரில் செய்யவேண்டிய மொய்யையும் அவளேதான் எழுதுகிறாள். ஊரில் அவன் தலை குனியாமல் இருக்க வேண்டுமே. காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது விருதுநகரில் இருந்த தாயார் சிவகாமி அம்மாளுக்கு மாதம் 120 ரூபாய் அனுப்பிவந்தார் என்றும், பார்க்க வருகிறவர்களுக்குச் சோடா, கலர் கொடுக்க வேண்டியிருக்கிறது, இன்னும் 30 ரூபாய் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று தாயார் கேட்டதற்கு மகன் ஒப்பவில்லை என்றும் ஒரு கதை எங்கள் ஊரில் வழங்குகிறது. மகனின் நேர்மைக்குச் சான்றாகவே அதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்தத் தாயின் கணக்குதான் மனதில் நிற்கிறது. தனக்குச் சோறு போதவில்லை என்று அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப முடியாது என்று கேட்டார். ஒரு ஊரில் வேர் விட்டிருப்பவரின் வாழ்க்கைச் செலவில் பாதி அந்த 30 ரூபாய் வகையைச் சேர்ந்தது. வேறிடத்தில் சம்பாதித்து, இருக்கும் இடத்தில் யாருக்கும் எதுவும் கடன்படாமல் இருப்பவனுக்கு எந்த ஊருமே செலவு கம்மியாகத்தான் படும். காய்ச்சல் வந்து ஒற்றை அறையில் கிடந்தபோது கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளில்லை என்று அவன் ஒருநாள் அம்மாவிடம் அழுதிருக்கிறான். அந்தச் செலவையும் அவன் பட்டியலில் எழுதவில்லை.

இப்போது எங்கள் ஊருக்கே வெளியூர்க்காரர்கள் வந்திருக்கிறார்கள். ராஜபாளையத்து நூற்பாலை விடுதிகளிலும், சிவகாசி அச்சகங்களிலும், கட்டட வேலையிலும், புரோட்டாக் கடைகளிலும் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிவகாசிக் கடைத்தெருவில் கோதுமை மாவும் உருளைக்கிழங்கும் கடுகெண்ணெயும் வாங்கிக்கொண்டு நான்கைந்து பேராக நடந்துபோகிறார்கள். அவர்களில் ஒருவனும் வீட்டுக்குப் போன் போட்டு ‘இங்கே செலவு கம்மி’ என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடும். ஒரு வகையில் உண்மைதான். மொய் இல்லை, வரி இல்லை, அறையை ஐந்து பேர் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஆனால் இந்த ஊர் எனக்குக் கொடுக்கும் மலிவு அவனுக்குக் கிடையாது. என் ரேஷன் அட்டைக்கு அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, பருப்பும் பாமாயிலும் சலுகை விலையில் கிடைக்கின்றன. ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டைத் திட்டம் 2020 அக்டோபர் 1 முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அவனுடைய அட்டை பெரும்பாலும் ஊரில் அம்மாவிடம் இருக்கிறது. இங்கே அவன் பங்கை வாங்கினால் அங்கே அடுப்பில் குறையும். இந்த ஊரில் எனக்குக் கடன் கொடுக்கப் பலசரக்குக் கடை இருக்கிறது. அவனுக்கு எல்லாம் ரொக்கம். 2023 செப்டம்பர் 15 முதல் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உரிமைத்தொகை வருகிறது. அவன் கூட்டிவந்த மனைவிக்கு வராது. அரசு டவுன் பஸ்ஸில் மட்டும் அந்தப் பெண்ணிடமும் டிக்கெட்டுக்குக் காசு கேட்பதில்லை, யார் எந்த ஊர் என்று பார்க்காமல் எல்லாப் பெண்களையும் ஏற்றிக்கொள்ளும் சலுகை அது. அதை நினைத்து நான் சந்தோஷப்படுகிறேன்.

எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது மின்சாரம். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரு பல்பும் ஒரு மின்விசிறியும் உள்ள ஒற்றை அறையில் அந்த 100 யூனிட்டுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் வரிசை வீடுகளில் இணைப்பு உரிமையாளர் பெயரில் இருக்கிறது. ஒவ்வொரு அறைக்கும் துணை மீட்டர் போட்டு, முதல் யூனிட்டிலிருந்தே ஒரே விலை என்று வைத்து வசூலிக்கிறார்கள். மின் வாரியத்தின் வீட்டுக் கட்டணத்தை விடக் கூடுதலான விலை. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கும் பையன் இதை எனக்கு உடைந்த தமிழில் விளக்கியபோது அவன் குரலில் புகார்கூட இல்லை. ஊர் வழக்கம் இப்படித்தான் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டிருந்தான். அந்த ஊரில் மிக ஏழையாக இருக்கும் ஒருவன், மிக அதிக விலை கொடுத்து மின்சாரம் வாங்குகிறான். வித்தியாசப் பணம் வீட்டுக்காரரின் வாடகைக்கு மேல் இன்னொரு வாடகையாகச் சேர்கிறது. இந்த வீட்டுக்காரர்களில் பலர் வில்லன்கள் இல்லை, எனக்குத் தெரிந்தவர்கள், உறவினரும் உண்டு. தங்கள் பிள்ளையை வெளிநாடு அனுப்பக் கடன் வாங்கியவர்கள். லிஸ்பனில் தங்கள் பிள்ளையிடம் வீட்டுக்காரன் இப்படி வாங்கினால் கொதித்துப்போவார்கள்.

சிவகாசியிலும் திருத்தங்கலிலும் ராஜபாளையத்திலும் அறை வாடகைக்கு விட்டிருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அறைக்குத் தனி இணைப்பு வாங்கிக் கொடுக்க வழியிருந்தால் வாங்கிக் கொடுங்கள். இல்லையென்றால் வாரியத்துக்கு நீங்கள் கட்டிய ரசீதை அவர்களிடம் காட்டி, அவரவர் பங்கை மட்டும் வாங்குங்கள்.